எச்.பி. கணக்கு வேண்டாம்! லிட்டர் கணக்கு சொல்!

சூரிய பம்புசெட்டுக்கும் பேட்டரிக்கும் கையெழுத்துப் போடும் முன் சிறு, குறு விவசாயிகள் அவசியம் படிக்க வேண்டியது



ஊர் ஊராக சோலார் பம்புசெட் பேச்சு நடக்கிறது. மானியம் இருக்கிறது, ஆதாரையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். போனால் முதல் கேள்வி என்ன? "எத்தனை எச்.பி. வேணும்? அஞ்சா, ஏழரையா, பத்தா?" அவ்வளவுதான். கிணறு எத்தனை அடி, தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறது, ஒரு நாளைக்கு ஊத்து எவ்வளவு, என்ன வெள்ளாமை, எத்தனை ஏக்கர் என்று யாரும் கேட்பதில்லை. சட்டை தைக்கப் போனால் தையல்காரர் கூட கழுத்தில் நாடாவை வைத்து அளவெடுக்கிறார். லட்சக்கணக்கில் விலை போகிற பம்புசெட்டுக்கு அளவெடுக்க ஆள் இல்லையா?

அளவு பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருத்தர் கிணற்றில் காலை பத்தரை மணிக்கே தண்ணி வற்றி மோட்டார் நின்றுபோகும், பேனல் மட்டும் சாயங்காலம் வரை சும்மா வெயில் காயும். இன்னொருத்தர் போரில் உச்சி வெயிலில் கூட சுண்டுவிரல் கனத்துக்குத்தான் தண்ணி வரும், வாழை வாடும். முதலாமவருக்குக் கொடுத்தது அதிகம், இரண்டாமவருக்குக் கொடுத்தது போதாது. இரண்டு பேரும் கட்டிய பணம் ஒன்று. இரண்டு பேரும் ஏமாந்தார்கள். கணக்கில் மட்டும் "இரண்டு பம்புசெட் வழங்கப்பட்டது" என்று ஏறிவிடும்.

விவசாயிகளே! சூரிய மின்சாரம் நமக்கு எதிரி இல்லை. லைன் வராத காட்டில், லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய டீசலை மணிக்கு ஒரு லிட்டர் என்று ஆயில் இன்ஜினுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறவருக்கு அது வரப்பிரசாதம். ராத்திரியில் த்ரீ ஃபேஸ் கரண்டுக்குக் காத்திருந்து, பாம்புக்கும் பன்றிக்கும் நடுவில் மடை திருப்புகிற வேலை அதனால் போகும். அதனால்தான் சொல்கிறோம்: நல்ல பொருளைத் தப்பான அளவில் தலையில் கட்டாதே!

எச்.பி. என்பது மோட்டாரின் பலம். பயிர் எச்.பி.யைக் குடிப்பதில்லை, தண்ணியைத்தான் குடிக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "என் கிணற்றிலிருந்து, என் ஆழத்திலிருந்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தருவாய்? எழுதிக் கொடு!"

விளம்பரத்து வெயிலும் நம்ம ஊர் வெயிலும்

2019-ல் மத்திய அரசு குசும் திட்டத்தைக் கொண்டு வந்தது. லைன் இல்லாத இடத்தில் தனித்து இயங்கும் சூரிய பம்புசெட்டுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், மீதி 40 சதவீதம் விவசாயி தலையில் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இதை நடத்துகிறது. 5 எச்.பி. பம்புசெட்டுக்கு 4,800 வாட் பேனல் என்று ஒரு அளவு வைத்தார்கள்.

இந்தப் பம்பு எவ்வளவு தண்ணி தள்ள வேண்டும் என்பதற்கும் மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்பு உண்டு. டி.சி. மோட்டாருக்கு, 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 100 அடி உயரத்துக்கு, ஒரு வாட் பேனல் ஒரு நாளைக்கு 35 லிட்டர் தள்ள வேண்டும். 50 மீட்டருக்கு 21 லிட்டர். 100 மீட்டருக்கு 9.5 லிட்டர். ஆழம் கூடக் கூட தண்ணி எப்படிச் சரிகிறது பாருங்கள்!

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்த லிட்டர் கணக்கெல்லாம் பேனல் மேல் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 7.15 யூனிட் வெயில் விழுந்தால் என்று வைத்துப் போட்டது. அதாவது முழு வெயில் ஏழு மணி நேரத்துக்கு மேல் அடித்த மாதிரி. நம்ம ஊரில் வருஷ சராசரி ஐந்து, ஐந்தரைதான். வடகிழக்குப் பருவமழை மூட்டத்தில் நாலு, அதற்கும் கீழே. மூட்டமே கலையாத நாளில் சொல்லவே வேண்டாம். பங்குனி வெயிலில் கூட நம் கூரையில் கிடைக்காத அளவை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த லிட்டரை நோட்டீஸில் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஒரு லட்சம் லிட்டர் வரும்" என்று ஒருவர் சொன்னால், "எத்தனை அடியிலிருந்து? எந்த மாசத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று. பேனலில் 540 வாட் என்று எழுதியிருக்கும். அது 25 டிகிரி சூட்டில் எடுத்த அளவு. நம்ம சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சூடேறும். அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பங்கு குறைந்துவிடும். மேலே செம்மண் தூசி படிந்தால் இன்னும் குறையும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் போதும், வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் கரண்டையும் அது இழுத்துப் பிடிக்கும். இதெல்லாம் அட்டையில் எழுதியிருக்காது.

நம்ம கணக்கை நாமே போடுவோம்

கணக்கு படித்தவர்கள் சொத்து இல்லை. ஏற்றம் இறைத்த காலத்தில் எத்தனை சால் இறைத்தால் எந்தப் பாத்தி நிறையும் என்று நம்ம பாட்டன் வாயிலேயே கணக்குச் சொன்னவர். அவர் பேரப் பிள்ளைகளுக்கு இது பெரிதா?

முதல் அளவு: கிணற்று ஊத்து. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு என்றால் ஒரு அடி தண்ணி ஏறக்குறைய 8,900 லிட்டர். 20-க்கு 20 சதுரக் கிணறு என்றால் ஒரு அடிக்கு 11,300 லிட்டர். கோடையில் ஒரு நாள் கிணற்றை இறைத்துவிட்டுக் கயிறு கட்டி அளந்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளங்கள். வட்டக் கிணற்றில் நாலு அடி ஏறியிருந்தால் உங்கள் கிணறு ஒரு நாளைக்குத் தருவது 35,000 லிட்டர். அதற்கு மேல் எந்த மோட்டார் வைத்தாலும் காற்றைத்தான் இறைக்கும். போர் என்றால் 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பாருங்கள். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு டிரம் நிறைய இரண்டு நிமிஷம் ஆனால் மணிக்கு 6,000 லிட்டர்.

இரண்டாம் அளவு: உயரம். போர் எத்தனை அடி போட்டோம் என்பது வேறு, தண்ணி எங்கே நிற்கிறது என்பது வேறு. மோட்டார் ஓடும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அந்த மட்டம்தான் கணக்கு. அதோடு மேட்டு நிலத்துக்குத் தூக்கும் அடியையும், நீளமான பைப்பில் உராய்வதற்கும் கொஞ்சத்தையும் சேர்க்க வேண்டும். சொட்டுநீர் போட்டிருந்தால் இன்னும் 33 அடி சேருங்கள். ஒரு கிலோ அழுத்தம் என்றால் 33 அடி உயரத்துக்குத் தண்ணியைத் தூக்குவதற்குச் சமம். இந்த 33 அடியை மறந்துவிட்டுக் கொடுத்த பம்புதான் பல தோட்டங்களில் கடைசி லேட்டரலுக்குத் தண்ணி போகாமல் தவிக்கிறது.

மூன்றாம் அளவு: பயிரின் தேவை. ஒரு ஏக்கரில் 5 மில்லிமீட்டர் தண்ணி என்றால் 20,000 லிட்டர். சொட்டுநீரில் ஏக்கர் வாழைக்கு ஏறக்குறைய அதுதான் ஒரு நாள் தேவை. அதையே வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும், 40,000 லிட்டர் வேண்டும். தென்னை ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 80 லிட்டர் என்று வைத்தால் 5,600 லிட்டர் போதும்.

இப்போது சூத்திரம். மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்:

ஆயிரம் லிட்டர், நூறு அடி, ஐம்பது வாட்!

ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் தண்ணியை 100 அடி உயரத்துக்குத் தூக்க 50 வாட் பேனல் வேண்டும். இது எங்கிருந்து வந்தது? ஆயிரம் லிட்டரை நூறு அடி தூக்கச் சுத்தமாகச் செலவாகும் சக்தி 83 வாட்-மணி. மோட்டாரிலும் பம்பிலும் பைப்பிலும் சூட்டிலும் தூசியிலும் போனது போக பேனல் சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் தண்ணிக்குப் போய்ச் சேரும். ஆக 200 வாட்-மணி வேண்டும். மூட்ட மாசத்து வெயில் நாலு மணி நேரம் என்று வகுத்தால் 50 வாட். அவ்வளவுதான் சூட்சுமம்.

மேலே சொன்ன வட்டக் கிணற்றுக்குப் போட்டுப் பார்ப்போம். ஊத்து 35,000 லிட்டர். தண்ணி மட்டம், மேடு, பைப், சொட்டுநீர் எல்லாம் சேர்த்து 120 அடி. 35 தரம் 1.2 தரம் 50. வருவது 2,100 வாட். இந்தக் கிணற்றுக்கு 2, 3 எச்.பி. போதும். ஆனால் அவருக்கு "எடுத்துக்கோங்க, மானியம் இருக்கு" என்று 5 எச்.பி., 4,800 வாட் கொடுத்தால் என்ன அர்த்தம்? பாதிக்கு மேல் பேனல் தண்டம். அந்தத் தண்டத்திலும் நாற்பது பங்கு நம்ம பணம். மீதி அறுபதும் நம்ம வரிப்பணம்தான். லாபம் யாருக்கு? விற்றவருக்கு!

இன்னொரு தோட்டம். போரில் மோட்டார் ஓடும்போது தண்ணி 500 அடியில் நிற்கிறது. இரண்டு ஏக்கர் தென்னைக்கு 11,200 லிட்டர். சொட்டுநீர் அழுத்தம் சேர்த்து 540 அடி. 11.2 தரம் 5.4 தரம் 50, ஏறக்குறைய 3,000 வாட். 4,800 வாட்டில் தாராளமாக நடக்கும். அதே போரை நம்பி மூன்று ஏக்கர் மஞ்சளுக்கு வாய்க்காலில் பாய்ச்ச நினைத்தால் ஒரு லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் வேண்டும். 120 தரம் 5 தரம் 50. முப்பதாயிரம் வாட்! அந்தப் போர் அவ்வளவு தண்ணி தருமா என்பது வேறு கேள்வி. போர் ஒன்று, ஆழம் ஒன்று. வெள்ளாமையும் பாசனமும் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம்! எச்.பி.யை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டவருக்கு இது எப்படித் தெரியும்?

ஒரு எச்சரிக்கை: ஆழம் கூடக் கூட காலையிலும் மாலையிலும் இளவெயில் பேனல் தரும் கரண்டு தண்ணியை மேலே கொண்டு வரப் பற்றாது. மோட்டார் சுற்றும், தண்ணி பாதி பைப்பில் நிற்கும். ஆகவே 300 அடிக்கு மேல் போனால் சூத்திரத்தில் வருவதை விடக் கால் பங்காவது கூட வைத்துக் கேளுங்கள். 800, 1,000 அடிக்கு அப்பால் தண்ணி எடுக்கும் மேற்கு மாவட்டத்துப் போர்களுக்கு 5 எச்.பி. சோலாரைக் காட்டி "உன் பிரச்சினை தீர்ந்தது" என்று சொன்னால் அது ஏமாற்று வேலை.

தண்ணியைச் சேர்த்து வை! கரண்டைச் சேர்த்து வைக்காதே!

அடுத்து பேட்டரி. "பேட்டரி போட்டால் ராத்திரியும் மோட்டார் ஓடும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஓடும். விலை என்ன?

3 எச்.பி. மோட்டார் இழுப்பது ஏறக்குறைய 2,800 வாட். ராத்திரி மூன்று மணி நேரம் ஓட்ட 8,400 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் உள்ளது 1,800 வாட்-மணி. ஆனால் ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆகவே நமக்கு ஆவது 900. கணக்குப் பண்ணினால் பத்து பேட்டரி! அதை நிரப்பத் தனியாக இன்னும் 2,800 வாட் பேனல். நாலைந்து வருஷத்தில் பத்து பேட்டரியும் மாற்ற வேண்டும். இந்தச் செலவுக்கு எந்த வெள்ளாமை கட்டும்?

மாறாக, 20-க்கு 15 அடி, ஆழம் 5 அடி என்று ஒரு தொட்டி கட்டினால் 42,000 லிட்டர் நிற்கும். பகலில் வெயில் இருக்கும்போது நிரப்பி, நமக்கு வேண்டிய நேரத்தில் பாய்ச்சலாம். மேட்டில் கட்டினால் வாய்க்காலுக்குத் தானாகவே இறங்கும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், நாலு வருஷத்தில் மாற்ற வேண்டாம். பம்புக்குப் பேட்டரி தொட்டிதான், பண்ணைக்குட்டைதான்! பம்புக்குக் கொடுக்கிற மானியத்தோடு தொட்டிக்கும் சேர்த்துக் கொடு என்பதுதான் நம்ம கேள்வி.

பேட்டரி வேண்டிய இடமும் இருக்கிறது. லைன் வராத தோட்டத்துக் கொட்டகை, மலையடிவாரத்து வீடு, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கிற பரண். அங்கே விளக்கும் ஃபேனும் சூரிய வேலியும் ராத்திரியில்தான் வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு:

9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, ஐந்து மணி நேரம் — 180.
30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன், எட்டு மணி நேரம் — 240.
50 வாட் டி.வி., மூன்று மணி நேரம் — 150.
செல்போன் இரண்டு — 30.
வேலி மெஷின் 10 வாட், பன்னிரண்டு மணி நேரம் — 120.

மொத்தம் 720 வாட்-மணி. இன்வர்ட்டரிலும் ஒயரிலும் போவதைச் சேர்த்து 900 என்று வையுங்கள். மூட்ட மாசத்துக்கு நாலால் வகுத்தால் 225. சூடு, தூசி, பேட்டரி நஷ்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 300 வாட் பேனல் ஒன்று போதும். பேட்டரி? வெயிலே இல்லாத இரண்டு நாள் தாங்க வேண்டும் என்றால் 1,800 வாட்-மணி. ஈயப் பேட்டரியில் பாதிதான் பயன் என்பதால் 3,600. அதாவது 150 ஏ.எச். இரண்டு. லித்தியம் என்றால் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம், ஆகவே 2,250 வாட்-மணி உள்ளது போதும். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். இரண்டையும் வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஃபேனை மட்டும் மாற்றி 75 வாட் பழைய ஃபேனைப் போட்டால் பேனல் 450 வாட்டுக்கு ஏறும், பேட்டரி இரண்டு மூன்றாகும். ஒரு பழைய ஃபேன் ஒரு முழுப் பேட்டரியைத் தின்கிறது! இதை விற்கிறவர் சொல்ல மாட்டார். அவருக்கு ஒரு பேட்டரி கூட விற்றால் நல்லதுதானே? "ஒரே ஒரு 150 ஏ.எச். போதும், ரெண்டு நாள் நிக்கும்" என்று சொல்கிறவரும் உண்டு. அவர் சொன்னபடி பேட்டரியை முழுக்கக் காலி பண்ணிப் பண்ணி ஓட்டினால் ஒன்றிரண்டு வருஷத்தில் அது செத்துப்போகும். அப்புறம் "நீங்க தண்ணி ஊத்தல, உங்க தப்பு" என்று பழி நம்ம மேல்.

மூப்பை விடாதே! உரிமையை விடாதே!

இப்போது மிக முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். இலவச மின்சாரம் நமக்கு யாரும் பிச்சை போட்டது அல்ல. 1970-ல் ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1972-ல் கட்டை வண்டிகளைக் கொண்டு வந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட விவசாயிகள். அந்த ரத்தத்திலும் வேர்வையிலும் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது.

இன்று மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! 2021-ல் ஒரு லட்சம் இணைப்பு, 2022-ல் மேலும் 50,000 என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் வரிசை தீரவில்லை. வரிசையில் நிற்பவரிடம் போய், "சோலார் வாங்கிக்கோ, மின் இணைப்பு மூப்பை விட்டுக் கொடுக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போடு" என்று யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்! அப்படி ஒரு வரி தாளில் எங்கேயாவது இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பான அளவில் சோலாரை வாங்கி, மின் இணைப்பு மூப்பையும் இழந்தால், மூட்ட மாசத்தில் பயிரைக் காப்பாற்ற எங்கே போவது? திரும்ப டீசலுக்குத்தானே?

சோலார் நம்ம விருப்பம். இலவச மின்சாரம் நம்ம உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பறிக்க விட மாட்டோம்!

"ஒவ்வொரு கிணற்றையும் போய் அளந்துகொண்டிருக்க முடியுமா? ஒரே அளவில் டெண்டர் விட்டால்தானே விலை குறையும்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறோம்: கடன் பாக்கி என்றால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட ஆள் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அடங்கல் எழுத ஆள் இருக்கிறது. கிணற்றுக்குள் ஒரு கயிற்றை விட ஆள் இல்லையா? டெண்டரில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழரை என்று விலை பேசி வைத்துக்கொள். எந்த அளவு எந்தக் கிணற்றுக்கு என்பதைக் கிணற்றடியில் வந்து முடிவு செய்!

"பெரிசாக் கொடுத்தா நல்லதுதானே, மானியம்தானே" என்று நம்ம ஆட்களிலேயே சிலர் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கிணறு தருவதற்கு மேல் மோட்டார் வைத்தால் வறட்சியில் ஓடி மோட்டார் எரியும். பக்கத்துத் தோட்டத்து ஊத்தும் இறங்கும். இரண்டு சிறு விவசாயிகள் தண்ணிக்காகச் சண்டை போடுவதில் யாருக்கு லாபம்? ஏற்கெனவே பெரிய அளவாக வாங்கிவிட்டவர்கள் மிச்ச வெயிலை வீணாக்க வேண்டியதில்லை. தீவனம் வெட்டும் மெஷின், மாவு மெஷின் ஓட்டுகிற யுனிவர்சல் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் கோரிக்கைகள்

1. கிணற்றின் ஊத்து, மோட்டார் ஓடும்போது தண்ணி மட்டம், பயிர், பாசன முறை நான்கையும் தோட்டத்துக்கு வந்து அளந்து, விவசாயி கையெழுத்தோடு எழுதிய பிறகே பம்புசெட் அளவை முடிவு செய்!

2. பங்குனியில் எத்தனை லிட்டர், கார்த்திகையில் எத்தனை லிட்டர் என்று மாதவாரியாக எழுத்தில் உத்தரவாதம் கொடு! நிறுவிய அன்றும் மூட்ட மாசத்தில் ஒரு நாளும் விவசாயி முன்னால் அளந்து காட்டு! குறைந்தால் பேனல் கூட்டிக் கொடு!

3. சிறிய அளவு போதும் என்கிறவருக்குச் சிறிய அளவைக் கொடு! ஐந்து எச்.பி.க்குக் கீழே கேட்டால் இழுத்தடிக்காதே!

4. தொட்டிக்கும் பண்ணைக்குட்டைக்கும் சொட்டுநீருக்கும் பம்புசெட்டோடு சேர்த்து ஒரே மனுவில் மானியம் வழங்கு!

5. சோலார் வாங்கியவரின் மின் இணைப்பு மூப்பைத் தொடாதே!

6. பம்பு எவ்வளவு ஓடியது, எவ்வளவு இறைத்தது என்ற விவரம் கன்ட்ரோலர் வழியாக ஆபீஸுக்குப் போகிறது. அதை விவசாயிக்கும் தமிழில் கொடு! அந்தக் கணக்கை வைத்து நாளைக்குத் தண்ணிக்குக் காசு கேட்க மாட்டோம் என்று அறிவி!

7. ஐந்து வருஷப் பராமரிப்பு திட்டத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் இருந்தால் போதாது. வட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக், மூன்று நாளில் ரிப்பேர், தவறினால் பயிர் நஷ்டத்துக்கு ஈடு!

8. கொட்டகை, மலைக்கிராம வீடுகளுக்குக் கொடுக்கும் பேட்டரிகளை விளக்கு, ஃபேன் கணக்குப் போட்டுக் கொடு! செத்த பேட்டரியைத் திரும்ப எடு! 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைத்திருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது

கோஷம் போடுவதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு விவசாயியும் ஒரு முழுத் தாள் எடுங்கள். அதில் ஏழு வரி எழுதுங்கள்: கிணறா போரா, ஆழம். தண்ணி நிற்கும் மட்டம். ஒரு நாள் ஊத்து எத்தனை லிட்டர். மேட்டுக்கும் சொட்டுநீருக்கும் சேர்த்து மொத்த உயரம் எத்தனை அடி. என்ன பயிர், எத்தனை ஏக்கர், ஒரு நாள் தேவை எத்தனை லிட்டர். ஊத்து, தேவை இரண்டில் எது குறைவோ அந்த லிட்டருக்குச் சூத்திரப்படி எத்தனை வாட். மின் இணைப்புக்குப் பதிந்த தேதியும் எண்ணும்.

எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். கயிறும் டிரம்மும் இல்லாதவருக்குச் சங்கத்துப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். ஊருக்குப் பத்துத் தாள் சேர்ந்தால் போதும். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு எல்லோரும் அந்தத் தாளோடு வாருங்கள். "சோலார் வேணும் சாமி" என்று கை கட்டி நிற்கிற மனு அல்ல அது. "இது என் கிணறு, இது என் கணக்கு, இதற்குத் தகுந்ததைக் கொடு, இல்லையென்றால் என் கணக்கில் எங்கே தப்பு என்று சொல்" என்று கேட்கிற தாள். நூறு பேர் வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடலாம். நூறு கிணற்றின் கணக்கு மேஜை மேல் விழுந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெயில் நம்ம தலை மேல் அடிப்பது. கிணறு நம்ம முப்பாட்டன் வெட்டியது. கட்டுகிற பணம் நம்ம வேர்வை. அளவு மட்டும் எவனோ போடுவதா?

அளந்து கொடு! எழுதிக் கொடு!
தண்ணி கணக்கில் கொடு!
மூப்பைத் தொடாதே! இலவச மின்சாரத்தைத் தொடாதே!
சிறு விவசாயிகளே, ஒன்று சேருவீர்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கத்தார்